காதில்லாத விமானம்

அந்த வீட்டில் அவளை எல்லாரும் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது என்னவோ பத்துதான். ஆனால் வாயைத் திறந்தால் அதிகாரம்தான். அவளிடம் வேலை பார்க்க ஒரே ஓர் ஆள் இருந்தான். ஆறு வயதுத் தம்பி வாண்டு. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அதுதான் தொல்லையே.

அன்று மேஜையில் ஒரு காகித விமானம் கிடந்தது. இன்னும் விமானம் ஆகவில்லை, வெறும் தாள்தான். கெட்டியான அந்தத் தாளில் உடம்பு, இறக்கை, வால் என்று தனித்தனியாக வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். வெட்டி, மடித்து, ஒட்டினால் உள்ளங்கை அளவில் விமானம் வந்துவிடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் குட்டிக் குட்டியாக வெள்ளைக் காதுகள் இருந்தன. அந்தக் காதில் பசை தடவித்தான் அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும்.

தாள் மேஸ்திரியுடையது அல்ல. எதிர்வீட்டு நெட்டையுடையது. அவனுடைய மாமா வாங்கிக் கொடுத்தது. மறுநாளே நெட்டை சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றான்.

"நீயே செஞ்சு குடு. ஒரே தாள்தான் இருக்கு, பாத்துக்கோ. சாயங்காலம் வரேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மேஸ்திரி கத்திரிக்கோலைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத்தான் அம்மா கூப்பிட வேண்டுமா? மாடியில் துணி காயப்போட ஆள் வேண்டுமாம்.

"வாண்டு, நான் வர்ற வரைக்கும் நீ வெட்டு. கலர் மேல கத்திரி படக்கூடாது. வெள்ளையெல்லாம் குப்பை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவள் சொன்னது தாளின் விளிம்பில் இருந்த வெள்ளையை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது மேஜையில் துண்டுகள் வரிசையாக இருந்தன. மேஸ்திரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஒன்றின் ஓரத்திலும் வெள்ளையே இல்லை.

"காதெல்லாம் எங்கடா?"

வாண்டு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உன் காது இல்ல. விமானத்தோட காது!"

"வெள்ளையா இருந்துச்சே, அதுவா? குப்பைன்னு சொன்னியே. குப்பை வண்டி வந்துச்சு, ஓடிப்போய்ப் போட்டுட்டேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சொன்னவள் அவள்தானே. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கோட்டைத் தாண்டவே இல்லக்கா. பாரேன்" என்றான் வாண்டு.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவனிடம் தினமும் சொல்வது அதைத்தான், "கோட்டைத் தாண்டி வெட்டாதே" என்று. மேஸ்திரி பார்த்தாள். வளைந்த மூக்கு, மெல்லிய வால், எங்குமே கத்திரி வழுக்கவில்லை. அவளே வெட்டியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் வெட்டியிருக்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வாண்டுவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் காதில்லாத விமானத்தை எப்படி ஒட்டுவது? நுனியோடு நுனி சேர்த்துப் பசை வைத்தாள். கையை எடுத்ததும் பிரிந்துகொண்டது. செலோடேப் ஒட்டினாள். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டது மாதிரி இருந்தது. நெட்டைக்கு ஒரு கட்டு போதாதா? மெதுவாகப் பிய்த்து எடுத்தாள்.

"காத்துல பறந்துபோச்சுன்னு சொல்லிடலாமா?" என்றான் வாண்டு.

"வாயை மூடு."

அவன் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டான். கையெல்லாம் பசை. இப்போது முகமெல்லாம் பசை.

"இனிமே முடியாது" என்று மேஸ்திரி பசையை, பென்சில்கள் போட்டுவைக்கும் பழைய செருப்பு அட்டை டப்பாவில் வீசினாள். அப்போதுதான் அந்த டப்பாவின் மூலை கண்ணில் பட்டது. எப்போதோ கிழிந்த மூலை. உள்பக்கமாக ஒரு காகிதப் பட்டையை மடித்து ஒட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் தெரியவே இல்லை.

"காது போனா என்ன? வேற காது வச்சுடலாம்" என்றாள்.

பழைய நோட்டின் அட்டையை மெல்லிய பட்டைகளாக வெட்டினாள். நடுவில் மடித்து, பாதியை இந்தத் துண்டின் உள்ளேயும் பாதியை அந்தத் துண்டின் உள்ளேயும் ஒட்டினாள். இறக்கை நின்றது. மூக்கும் நின்றது. வால்பக்கம் மட்டும் மக்கர் செய்தது. உள்ளே விரலை விட்டு அழுத்த வேண்டும். அவள் விரல் நுழையவில்லை.

"உன் சுண்டுவிரலைக் குடு."

"திருப்பித் தருவியா?"

அவன் விரல் சரியாக நுழைந்தது. உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டு நின்றான்.

"போதுமா?"

"இல்ல."

"இப்ப?"

"அசையாதடா."

"மூக்கு அரிக்குதுக்கா."

மேஸ்திரி அவன் மூக்கைச் சொறிந்துவிட்டாள். வேறு வழி?

"சரி, இப்ப எடு."

"வரல."

காகிதத்தை ஒட்ட அத்தனை அடம்பிடித்த பசை, இவன் விரலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஊதி, திருகி, கெஞ்சி, ஒருவழியாக விரல் வெளியே வந்தது. வால் அப்படியே நின்றது.

சாயங்காலம் நெட்டை வந்தான். வாண்டு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நெட்டை இடது கையால் விமானத்தைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒட்டின இடமே தெரியலையே. எப்படிச் செஞ்ச?"

மேஸ்திரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 'வெள்ளையெல்லாம் குப்பை' என்று தானே சொன்னதையும் மறைக்கவில்லை. "வெட்டினது முழுக்க வாண்டுதான். நான் ஒண்ணுகூட வெட்டல" என்றாள்.

நெட்டை சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு மேஜையில் இடித்தது. அப்புறம் சட்டைக்குள்ளிருந்து இன்னொரு தாளை உருவினான்.

"ஹெலிகாப்டர். மாமா இன்னிக்குத்தான் குடுத்தாரு. இதையும் வாண்டுவே வெட்டட்டும்."

வாண்டு கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தான், கையில் கத்திரிக்கோலோடு.

"இரு, இரு, இரு" என்று மேஸ்திரி அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஹெலிகாப்டரின் வெள்ளைக் காதுகளுக்கு ஒவ்வொன்றாகச் சிவப்புத் தீட்டினாள். கடைசிக் காதும் சிவந்த பிறகுதான் கத்திரிக்கோலை அவனிடம் கொடுத்தாள்.