இடப்பக்க நாற்காலி

மனித குலம் பியானோவைக் கண்டுபிடித்தது தனக்காகத்தான் என்பதில் அன்செல்ம் வொட்டாவாவுக்கு ஐயமே இருந்ததில்லை. தான் பிறக்கும்வரை அந்தக் கருவி சும்மா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த நாற்காலி அவரை எரிச்சல்படுத்தியது. வியன்னாவில், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக் கச்சேரிக்கு அரை மணி முன்பு மேடைக்கு வந்து பார்த்தால், பியானோவின் இடப்பக்கம், அவருடைய இருக்கைக்குச் சற்றுப் பின்னால் அது கிடந்தது. பக்கம் புரட்டுகிற ஆள் உட்காரும் நாற்காலி. அவரோ இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பவரே அல்ல. அப்படி வாசிப்பவர்களை, சமையல் குறிப்பைச் சுவரில் ஒட்டிவைத்து முட்டை அவிப்பவர்கள் என்பார்.

“யாருக்கும்மா இது?”

சுருதி சேர்க்கும் கைனெடர் அம்மாள் கருவிகளைத் தோல்பையில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

“நான் போடல புரொஃபசர். நீங்கதான் கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நானா? தூக்கிட்டுப் போங்க. உக்காந்து பாக்கணும்னா டிக்கெட் வாங்கச் சொல்லுங்க.”

அன்று அரங்கேறுவது அவருடைய சொந்த சொனாட்டா, பியானோவுக்கென்றே எழுதிய நீண்ட இசைப்படைப்பு. இருபத்தாறு வருடமாக, செத்தவர்கள் எழுதியதை வாசித்து, செத்தவர்களுக்கு வந்த கைதட்டலுக்குத் தான் குனிந்து அலுத்து, ஒன்பது வருடம் உட்கார்ந்து எழுதியது. மூன்றாம் வரிசையில் நான்கு விமர்சகர்கள் வருவார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்றரைக் காது என்பது அவர் மதிப்பீடு. ஆனால் அந்த ஒன்றரைக் காது இன்று ஒப்புக்கொள்ளாவிட்டால் இனி எந்த அரங்கமும் அவர் எழுதியதை மேடையேற்றாது. சாகும்வரை செத்தவர்களின் கூலியாள்தான்.

நாற்காலியைத் தூக்குமுன் கைனெடர் அவருடைய இடது தோளுக்கு மேலாக, எச்சில் தெறிக்காமல், மூன்று முறை துப்பினாள். “தொய், தொய், தொய்.” மேடையேறுகிறவருக்கு அங்கே எல்லோரும் செய்வதுதான், தோளுக்குப் பின்னால் நிற்பது விலகிப்போக. பதிலுக்கு நன்றி மட்டும் சொல்லக் கூடாது.

“ரொம்ப நன்றி,” என்றார் வொட்டாவா, நிறுத்தி, ரசித்து.

அவள் முகம் வெளுத்தது. “ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லலாமா? துப்பினது வீணாப் போச்சே! நீங்களே ஒருதரம் துப்பிக்கோங்க, சீக்கிரம்.”

“ஏம்மா, துப்பினா வாசிப்பு வரும்னா ட்ராமுக்கு நிக்கிறவன் எல்லாம் மேதைதான். என் சொனாட்டாவ உக்காந்து கேக்க பேய்க்கு என்ன தகுதி இருக்கு?”

“அது கேக்க வராது புரொஃபசர்,” என்றாள் அவள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. “வேல செய்ய வரும்.”

பதினொரு மணிக்கு, பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும், ஐந்நூறு தொண்டைகளில் கரைந்துகொண்டிருந்த மூலிகை மிட்டாயின் காட்டமும், செருமல்களை விழுங்கிக்கொண்ட மௌனமும் சேர்ந்து கனத்துக் கிடந்த அரங்கத்துக்குள் அவர் நடந்து வந்து, குனிந்து நிமிர்ந்து, பியானோ பக்கம் திரும்பியபோது, நாற்காலி பழைய இடத்திலேயே இருந்தது.

கிழவிக்குக் கொழுப்பு. சபை முன்னால் நாற்காலியோடு மல்லுக்கு நிற்க முடியாது. உட்கார்ந்தார். வாசித்தார்.

இடது காதருகே, மற்ற வாடைகளைவிடக் கிட்டத்தில், ஈரக் கம்பளி நாறியது. முதல் பக்கம் முடியும் இடம் வந்தது. அது அவருக்கு மட்டுமே தெரிந்த இடம். கையெழுத்துப் பிரதியோ வீட்டு மேசைக்குள் பூட்டிக் கிடந்தது. சரியாக அந்த இடத்தில், அவர் முகத்தைச் சட்டைக்கை ஒன்று உரசிப் போவதைப் போலக் காற்று அசைந்து, தாள் ஒன்று சரசரத்துப் புரண்டது.

முன்வரிசையில் எவளோ நிகழ்ச்சிநிரலைப் புரட்டுகிறாள். ஜனங்கள்!

இரண்டாம் பக்கம். சரியான இடத்தில் சரசரப்பு. ஓரக்கண்ணால் பார்த்தார். நாற்காலி காலி.

மூன்றாம் பக்கம் ஒரு தாளம் முன்னதாகவே புரண்டது. புரண்டதும் மீதி வாசிக்க வேண்டிய சுரங்கள் அவர் தலையிலிருந்து போயின. மறதி இல்லை அது. இருந்த இடமே இல்லை. விரல்கள் அடுத்த பக்கத்துக்குத் தாவின.

நான்காம் பக்கத்தில் பாதி போயிற்று. வேகத்தைக் கூட்டினார். அதுவும் கூட்டியது.

எழுந்து ஓடலாம். ஓடினால் சொனாட்டா இங்கேயே செத்தது. விமர்சகர் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பத்து. பதினொன்று. மூன்று பக்கம் சேர்ந்தாற்போல. ஒன்பது வருடத்தில் எந்த வருடம் எழுதியது இது? தெரியவில்லை. மெதுவாகத் தொடங்கும் பகுதி போயிற்று. அதை எழுதிய அறையும் போயிற்று. சரசர. ஈரக் கம்பளி. சரசர.

கடைசிப் பக்கம்.

அதன் நடுவே இரண்டு தாள மௌனம் ஒன்று இருந்தது. இன்னும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் மூலையை ஏற்கெனவே எதுவோ விரலால் தூக்கிப் பிடித்திருந்தது.

கைகள் கட்டைகளை விட்டு எழுந்தன. யாரும் கவனிக்காதபடி தலையை இடது தோள் பக்கம் திருப்பினார். உதடு குவிந்தது.

மிக மெதுவாக, மூன்று முறை. பயத்தில் எச்சிலும் தெறித்தது.

ஒரு துளியும் தரையில் விழவில்லை. காலி நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஆளின் முக உயரத்தில், மூன்றும் நின்றன. பிறகு கன்னம் ஒன்றின் வளைவில் வழிவது போல, சாவகாசமாக, கீழே இறங்கத் தொடங்கின.