ஏரிச் சுற்றின் மூன்றாவது கேட்

இஷ்பெல் முதல் கேட்டைக் கடந்து, கொண்டியை மாட்டி, சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் ஓட ஆரம்பித்தாள். ஆட்டுப்பட்டிக் கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறவனை ஆர்டனிஷில் மனிதனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஏரிக்கரை வளையும் இடம்வரை போயிருப்பாள், பின்னால் கொண்டி எழும்பும் சத்தம் கேட்டது. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. மூடியது. கொண்டி விழுந்தது. யாரோ ஓட வருகிறார்கள், மூடிவிட்டு வருவதால் நம்மூர் ஆள்தான் என்று நினைத்தபடி திரும்பிப் பார்த்தாள். பனி பூத்த கேட் சாத்திக் கிடந்தது. பாதையில் யாரும் இல்லை.

காற்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்ள அன்று காற்றும் இல்லை. டிசம்பர் மாதம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கே இருட்டிவிடும், விடுவதற்கு அங்கே இப்போது பள்ளிக்கூடமும் இல்லை. இஷ்பெல்தான் அதன் கடைசி ஆசிரியை. அவளும் கணவன் டோர்மட்டும் சேர்ந்துதான் ஊரைச் சுற்றி ஓடும் பாதைகளுக்குப் பச்சை அம்புக்குறி வரைந்து வைத்தார்கள். கோடையில் பட்டணத்திலிருந்து வருபவர்கள் அந்த அம்புகளைப் பார்த்து ஓடி, ஆஹா என்ன அழகு என்று படம் எடுத்து, அழகு போதாதென்று வீடுகளையும் வாங்கிப் பூட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். குளிர்காலத்தில் இப்போது புகை வருவது இரண்டே வீட்டில். ஒன்று அவளுடையது. மற்றது, ஏரிக்கு அக்கரையில், சற்றுமுன் சூப் கொடுத்துவிட்டு வந்த டோலினாவின் வீடு.

டோலினாவுக்கு ஈரலில் புற்று. கண்ணெல்லாம் மஞ்சள், வாய் மட்டும் பழைய வாய்.

"என்னத்துக்கு தெனமும் ஓடி ஓடி வர்ற? இன்னும் சாகலியான்னு பாக்கவா?"

"சூப்பு ஆறிடும், குடி டோலினா."

"உப்பே போடாம கொண்டுவந்துட்டு பேச்சப் பாரு. இந்தா, கேட்டுக்க. இன்வர்னஸ் டவுன்ல சொல்லி வச்சாச்சு. என்னை எரிச்சிருவாங்க. செத்தப்பறமும் வாசல்ல நின்னு காவல் காக்க நான் என்ன நாயா?"

"உன் புருஷன் லாக்கி பக்கத்துல இடம் வச்சிருந்தியே?"

"நாப்பது வருஷம் அவன் பக்கத்துலதான் கெடந்தேன், போதும்டி அம்மா. உன் புருஷனுக்கு நீ வேற ஆளப் பாத்துக்க. அன்னிக்கி யாரு உன்ன வழிவிடச் சொன்னா?"

இஷ்பெலுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அறை விழுந்ததற்குக் காரணம் அதில் இருந்த உண்மை. தினமும் அவள் சூப் சுமந்து வந்தது அந்தச் சாவுக்காகத்தான்.

அந்தப் பக்கத்து நம்பிக்கை அது. கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர் வாசலில் காவல் நிற்க வேண்டும், அடுத்த பெட்டி வந்தால்தான் அவருக்கு விடுதலை. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் இரண்டு வீட்டாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நம் ஆள் கடைசியாகிவிடக் கூடாதென்று. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் டோர்மட்டையும் டோலினாவின் கணவன் லாக்கியையும் ஒரே நாளில்தான் எடுத்தார்கள். டோர்மட்டின் பெட்டிதான் கேட்டுக்கு முதலில் வந்தது. அவன் ஆசைப்படியே காலில் ஓட்டக் காலணியோடு உள்ளே படுத்திருந்தான். பின்னால் லாக்கியின் ஆட்கள் முழங்கால்வரை சேறாக, மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். இஷ்பெலுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவள் அல்லவா. தன் ஆட்களைக் கையமர்த்தி நிறுத்தி, கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னால போங்க" என்றாள். டோலினா நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே ஓடினாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி," என்றான் டோர்மட்டின் தம்பி. பெட்டிக்கு அடியில் அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு ஆர்டனிஷில் யாரையும் புதைக்கவில்லை. புதைக்க ஆள் வேண்டுமே.

இப்போது, ஒருபுறம் உறைந்து இறுகிக்கொண்டிருந்த ஏரியும் மறுபுறம் ஈரப் பாசி நாறும் ஊசியிலைக் காடுமாக நீண்ட அந்தப் பாதையில், தன் காலடியின் நொறுங்கலுக்கும் மூச்சின் இரைச்சலுக்கும் நடுவே, இன்னொரு நொறுங்கல் தன்னோடு சேர்ந்து வருவதை அவள் கேட்டாள். வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. இடது கால் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. மலையில் விழுந்து வலது முழங்கால் உடைந்ததிலிருந்து டோர்மட் அப்படித்தான் ஓடினான். அந்த முழங்காலுக்கு அவன் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் வந்தது. அதற்கு அடியில் ஈர மண்ணின் வாசனை.

திரும்பிப் போகலாம் என்றால் அதற்கு எதிரில்தான் போக வேண்டும். மலைப்பாதையில் இடுப்பளவு பனி. வீட்டுக்கு இருந்தது இந்த ஒரே வழி, அது கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் போனது.

இரண்டாவது கேட், மான்களுக்குப் போட்ட வேலியில். அதைக் கடந்ததும், வாழ்நாளில் முதல்முறையாக, அவள் கேட்டை மூடாமல் ஓடினாள். திறந்தே கிடக்கட்டும். சத்தம் கேட்காமல் இருந்தால் போதும்.

பின்னால் கேட் மெதுவாக மூடியது. கொண்டி விழுந்தது. சரியாக விழுந்ததா என்று யாரோ ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்கள்.

பயத்தின் மேல் அவளுக்குக் கோபமும் ஏறியது. எத்தனை வருஷம் இந்த மனிதனுக்காகப் பாதையில் முள் வெட்டி, அம்பு வரைந்து, பலகை நட்டு, அழகு பார்க்க வந்தவனுக்கெல்லாம் ஊரைத் தாரை வார்த்துக் கொடுத்தாள். அதற்கும் மேல் இதுவா?

"டோர்மட், கேக்குதா?" திரும்பாமலே கத்தினாள். "டோலினா வரமாட்டா. நானும் வரமாட்டேன். நாளைக்கே இன்வர்னஸுக்கு போன் போட்டு என்னையும் எரிக்கச் சொல்லிடுவேன். உனக்காக நான் அந்த வாசல்ல நிக்கமாட்டேன். நீயே நில்லு!"

காலடி நின்றது.

அவளும் நின்றாள். ஏரியில் பனிக்கட்டி ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் இல்லை. தைல வாசனை மெல்ல விலகியது. போய்விட்டான். அழுகை வந்தது. சொன்னது தப்போ என்றும் இருந்தது, சொன்னதால் பிழைத்தோம் என்றும் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கொண்டி எழும்பியது.

பின்னால் இல்லை. முன்னால்.

மூன்றாவது கேட். கல்லறைத் தோட்டத்துக் கேட்.

விளக்கைத் திருப்பினாள். சுவர். பாசி. கேட் பாதிப் பாதையை அடைத்துக்கொண்டு திறந்திருந்தது. கம்பியில் ஒரு கை. நகத்துக்குள் மண். கீழே காலணி. அவள் கையால் நாடா கட்டி அனுப்பிய அதே காலணி. இரண்டு வருஷம் ஓய்வில்லாமல் தேய்ந்து அடிப்பாகமே இல்லை. முகத்தை நோக்கி விளக்கை உயர்த்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பினாள். ஓடவேண்டும். எங்காவது.

அப்போது இரண்டாவது கேட் மறுபடி திறந்தது. இந்த முறை மூடவில்லை.

காலடிகள். ஒன்றல்ல. நாலு. ஆறு. இருட்டில் ஒரே சீராக, மூச்சிரைக்க, தோளில் பாரம் ஏற்றியவர்கள் ஓடும் ஓட்டம். பெட்டியின் பலகை உரசியது. நெருங்கி வந்தது. பாதையில் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் ஏரி. ஒரு பக்கம் சுவர்.

அவள் பின்வாங்கினாள். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகில் குளிர்ந்த கம்பி பட்டது. தைல வாசனை.

காதருகே அவன் குரல். கோபமே இல்லாத, மரியாதையான குரல்.

"நீ முன்னால போ, இஷ்பெல்."

கேட்டை இன்னும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.