வீடு பிடிக்காமல் போக வேண்டும்

அன்னூர் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த அடுக்ககத்தின் வாசலில் காலையிலேயே மூன்று தம்பதிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் விலக்கிவிடப் போகவில்லை. காவலாளி உட்கார்ந்த நாற்காலியை அசைக்கக்கூட இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் அங்கே வந்து அடித்துக்கொள்கிறார்கள் என்றால் வீடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிடிக்காத வீட்டுக்கு எவனாவது மெனக்கெட்டுச் சண்டை போடுவானா?

மிதுனா காரை விட்டு இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தால் ஆசை ஏறும். ஆசை ஏறினால் விலை ஏறும்.

எல்லாம் அந்த ஆவல்மானி செய்த வேலை. முன்பெல்லாம் வீடு கட்டி விற்பவர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். காரில் வந்தால் ஒன்று, ஸ்கூட்டரில் வந்தால் ஒன்று, வெளிநாட்டுப் பிள்ளை வைத்திருப்பவருக்கு வாய் கூசாமல் இன்னொன்று. இந்த அநியாயத்தை ஒழிக்கிறேன் என்று சட்டம் போட்டுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு தட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். ரத்த ஓட்டம், வேர்வை, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்து, வாங்குபவர் எதுவரை ஏறுவார், விற்பவர் எதுவரை இறங்குவார் என்று கருவி கண்டுபிடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை. அவ்வளவுதான். வாயால் பேரம் பேசினால் அபராதம். நியாயம் பிறந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது.

ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆத்திரத்தில் இருப்பவனின் ஆசை கருவிக்குத் தெரிவதில்லை என்பதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். கொதிக்கிற ரத்தத்தில் எது கோபம், எது ஆவல் என்று அதனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து கோபத்தோடு போனவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது, சிரித்த முகத்தோடு போனவர்கள் ஏமாந்தார்கள். கடுப்பேற்றுநர் என்று ஒரு தொழிலே கிளம்பிவிட்டது. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளரின் குடும்பக் கதையை விசாரித்து, எங்கே தொட்டால் எரியுமோ அங்கே தொடுவார்கள். வெறும் வசவு பலிக்காது, பொய்யும் பலிக்காது. உண்மையாக இருந்தால்தான் ரத்தம் கொதிக்கும்.

மிதுனாவின் கணவன் கௌசிக் கடுப்பேற்றுநர் வேண்டாம் என்றுவிட்டான்.

"எதுக்கு வெளிய இருந்து ஒரு ஆளு? தண்டச் செலவு. நானில்லையா?" என்றான்.

அதை அவளாலும் மறுக்க முடியவில்லை.

கணவன் மனைவி இருவர் பேருக்கும் வாங்கும்போது இரண்டு பேரில் குறைந்த எண்ணைத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒருவர் கொதித்தால் போதும். அந்த ஒருவர் எப்போதும் மிதுனாதான். போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு வீடு பார்த்தபோது அவள் தம்பியைப் பற்றி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கேட்டுக் கேட்டுப் பழகியவை. கோபத்துக்குப் பதில் கொட்டாவி வந்தது. விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வீடு வாங்கும் பணத்தில் முக்கால்வாசி அவளுடையது. நூல் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துச் சம்பாதித்தது, அப்பா எழுதிவைத்த பங்கு. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம், "உனக்கு ஒழுங்காக் கோவிச்சுக்கக்கூடத் தெரியல" என்று அவளைத்தான் திட்டினான்.

இந்த வீட்டை அவள் விடுவதாக இல்லை. சமையலறையை ஒட்டிக் கிழக்குப் பார்த்து ஒரு சின்ன அறை இருந்தது. அம்மாவுக்கென்றே அளந்து கட்டியது போன்ற அறை. அப்பா போன பிறகு கோபிசெட்டிபாளையத்தில் தனியாகக் கிடக்கும் அம்மா பிரேமாவுக்கு முட்டி வலி. மாடி ஏறி இறங்க முடியாமல் தண்ணீர்க் குடத்தோடு ஒருநாள் விழுந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கம்மா" என்று மிதுனா சொல்லி வைத்திருந்தாள்.

மின்தூக்கிக் கதவு மூடியது. கௌசிக் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மிதுனா, ஒரு வெசயம். உங்கம்மா இங்க வரமாட்டாங்க."

"ஆரம்பிச்சுட்டீங்களா? பொய் சொன்னா வேலைக்கு ஆகாதுங்க."

"அது தெரிஞ்சுதான் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டேன். வர வேண்டாம், எங்களுக்குச் சரிப்பட்டு வராதுன்னு. 'சரிங்க மாப்ள'ன்னு வெச்சுட்டாங்க."

மிதுனா அவனைப் பார்த்தாள். ஒரு வாரமாக அம்மா போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொண்டதை நினைத்தாள். கிழக்கு அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கேட்டபோது, "உன்ர இஷ்டம் கண்ணு" என்று பேச்சை மாற்றியதையும் நினைத்தாள்.

"நெசமாவா சொன்னீங்க?"

"நெசமா இல்லைன்னா உனக்குப் பத்தாதே! அதான் ஒரு வாரத்துக்கு முன்னயே ரோசனை பண்ணிச் செஞ்சேன்." பெருமையில் அவன் முகம் மலர்ந்திருந்தது. "வெல முடியட்டும். அப்பறம் போன் பண்ணி வரச் சொல்லிட்டாப் போச்சு. இப்ப எப்பிடி இருக்குது? பத்திட்டு வருதா?"

பற்றிக்கொண்டுதான் வந்தது. காது மடல் வரை சூடாகிவிட்டது. அறுபத்தைந்து வயசுக்காரி, மருமகன் வாயால் அப்படி ஒரு சொல்லைக் கேட்டு, மகளிடம் மூச்சு விடாமல் விழுங்கிக்கொண்டு ஒரு வாரம் இருந்திருக்கிறாள். எதற்கு? விலை குறைவதற்கு! மிதுனாவுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கதவு திறந்துவிட்டது.

வீட்டுக்குள் தர்சன் காத்திருந்தார். அந்த அடுக்ககத்தைக் கட்டியவர். விற்பவர்களின் பாடு வாங்குபவர்களுக்கு நேர் எதிர். வீட்டை விட மனம் வராமல் இருந்தால்தான் அவர்கள் இறங்கும் விலை உயரும். அதனால் விற்காத வீடுகளில் ஒவ்வொன்றாகப் படுத்து எழுந்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, பேரனின் பிறந்தநாளைக்கூட அங்கே கொண்டாடிப் பாசத்தை வளர்த்துக்கொள்வார்கள். தர்சன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனைப் போல.

ஆவல்மானியோடு வந்திருந்த அளவர் ஓர் இளம்பெண். பெயர் யாழினி. அரசாங்கச் சம்பளம். நாள் முழுக்க இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து அவள் முகத்தில் எந்த உணர்ச்சியும் மிச்சமில்லை.

"கைய வைங்க" என்றாள்.

மூவரும் வைத்தார்கள். மிதுனாவின் எண் சரசரவென்று இறங்கியது. கௌசிக் பல்லைக் காட்டினான். அது இன்னும் இறங்கியது. நிற்காமல் இறங்கியது. அவன் சிரிப்பு மெல்ல வற்றியது.

"ஒத்து வரலீங்க," என்றாள் யாழினி. "சார் இறங்கற வெலைக்கும் மேடம் ஏறுற வெலைக்கும் நடுவுல நாப்பது லட்சம் பள்ளம். இன்னும் ஒரே ஒரு அளவுதான் எடுக்கலாம். அதுலயும் ஒத்து வரலைன்னா இந்த வீட்ட நீங்க மறுபடி கேக்கவே முடியாது. அர மணி நேரம் இருக்குங்க."

அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! தர்சனுக்கு இந்த வீடு போனால்தான் வங்கிக் கடன் அடையும். பாசத்தைக் கொஞ்சம் அதிகமாக வளர்த்துவிட்டார், இப்போது அதை அவசர அவசரமாக இறக்க வேண்டும். தன் வீட்டைத் தானே திட்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, இதெல்லாம் ஒரு வீடாங்? பாத்ரூம்ல வாட்டம் சரியில்ல, தண்ணி மூலைலயே நிக்கும். அந்த ஜன்னல் மழைக்குக் கசியும், அடச்சு அடச்சுப் பாத்துட்டேன். கெரகம் புடிச்ச வீடு!" என்று சுவரில் ஓர் அடி வைத்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க!" என்று கௌசிக் பதறினான். "எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காத்து! மிதுனா, இங்க பாரேன், நீ கேட்ட மாதிரியே அலமாரி. இந்த பால்கனில நீ ரோஜா வெக்கலாம்."

விற்பவர் குறை சொல்ல, வாங்குபவன் புகழ்ந்து தள்ளினான். ஒரு வார்த்தையும் மிதுனாவின் காதில் ஏறவில்லை. அவள் கிழக்கு அறையின் வாசலில் போய் நின்றாள். கௌசிக் பின்னாலேயே வந்தான்.

"அம்மிணி, கொஞ்சம் சமாதானமாகு. ரொம்பக் கொதிச்சுட்ட. அளவாக் கோவிச்சுக்க உனக்குத் தெரியாதா?"

"அம்மா அழுதாங்களா?"

"என்னது?"

"நீங்க சொன்னப்ப எங்கம்மா அழுதாங்களான்னு கேட்டேன்."

"அதயெல்லாம் யார் கவனிச்சா? இப்ப அது முக்கியமா? நான் யாருக்காகச் செஞ்சேன்? நம்ம ரெண்டு பேருக்கும்தான? வேணும்னா இப்பவே போன் போட்டு, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

விளையாட்டுக்கு! மிதுனா வாயைத் திறந்தாள், கத்துவதற்குத்தான். ஆனால் கத்தல் வரவில்லை. சரவணம்பட்டி ஞாபகம் வந்தது. தம்பியை ஏசியதும், அதற்கு முன் அவள் சம்பளத்தை ஏசியதும், நாளைக்கு ஒரு கார் வாங்கப் போனாலும், நிலம் வாங்கப் போனாலும் இவன் யாரிடமாவது போய் எதையாவது நிஜமாகவே செய்துவிட்டு வருவான் என்பதும் ஒன்றாகத் தெரிந்தது. இவ்வளவு வருஷமும் இவனுக்குக் கொதிக்கும் வேலையைத்தான் பார்த்திருக்கிறாள். சீ, போதும் என்று தோன்றியது.

யாழினி திரும்பி வந்தாள். "கைய வைக்கலாங்களா?"

"ஒத்தப் பேருக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டாள் மிதுனா.

"மாத்தலாங்க. யார் பேருக்கு?"

"என் பேருக்கு. நான் மட்டும். அவர் இங்க குடியிருக்க மாட்டார்."

கௌசிக் சிரித்தான். "பாத்தீங்களா, எவ்வளவு கோவம்! இப்ப வைங்க, சரியா இருக்கும்."

யாழினி அவன் தட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். தர்சன் தன் வீட்டை இன்னொரு தடவை மனதுக்குள் சபித்துவிட்டுக் கையை வைத்தார். மிதுனாவும் வைத்தாள்.

எண் ஏறியது. தர்சனின் எண்ணைத் தொட்டு, தாண்டி, மேலே போனது. யாழினிகூட முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கு அறையில் வெயில் விழுந்திருந்தது. மிதுனா இப்போது தலையைக் குனிந்துகொள்ளவில்லை, வேண்டிய மட்டும் பார்த்தாள்.

கௌசிக்கின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, ஏறுது! மிதுனா, ஏறுது! உன் தம்பி ஒரு தண்டம், தெரியுமா? உன் அப்பன் எழுதிவெச்ச பங்கு ஒரு பங்கா? உங்கம்மாவ நான் இன்னும் என்னெல்லாம் கேட்டேன் தெரியுமா?"

சொன்னான், எல்லாவற்றையும் சொன்னான். பக்கத்து வீட்டைப் பார்க்க வந்தவர்களின் கடுப்பேற்றுநர் ஒருவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டார். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்று பாக்கியில்லை. எதுவும் அவள் மேல் ஒட்டவில்லை. தெருவில் யாரோ யாரையோ திட்டுவது போலிருந்தது.

"கோவப்படு மிதுனா! உன்னக் கும்புட்டுக் கேக்கறேன், கோவப்படு!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. எண் ஏறிக்கொண்டே இருந்தது.