நாங்கள் என்ன பறவைகளா?

தம்பியின் காலுக்கு மாவுக்கட்டு போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோய்ப் பதினான்கு நாள் ஆகிறது. எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. இதற்கு மேல் என் கஷ்டத்தை விளக்க வேண்டுமா என்ன?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அப்பாதான் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். பிறகு மூன்று நாள் அப்பாவே படுத்துவிட்டார். "இனிமே என் முதுகப் பத்தி யாரும் நெனச்சுக்கூடப் பாக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தம்பி நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லையே!

"அக்கா, தண்ணி."

"அக்கா, பென்சில் விழுந்துடுச்சு."

"அக்கா, நீ ஏன் இவ்ளோ சத்தமா மூச்சு விடுற?"

புதன்கிழமை மட்டும் அவன் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

"என்னடா ஆச்சு?"

"சனிக்கிழமை ஒம்பது மணிக்கு எங்க டீமுக்கு மேட்ச். கால் சரியில்லன்னா என்ன, கோட்டுக்கு வெளிய உக்காந்து ஸ்கோர் எழுதுன்னு சொன்னாங்க. நான் எப்படி எறங்குறது? ஜன்னல்ல பாத்தா மைதானம்கூடத் தெரியல. தண்ணித் தொட்டிதான் தெரியுது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கள் வீட்டு கோல்கீப்பர் அழுகிறான்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாமா வீட்டுக்குப் போனேன்.

அவர் இருப்பது தரைத்தளத்தில். லிஃப்டில் ஏறவே தேவையில்லாதவர் லிஃப்டுக்குப் பொறுப்பு! முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தி ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடும்மா."

எழுதத்தானே வேண்டும்? அந்த வாரம்தான் தமிழ் டீச்சர், படிப்பவர் மனதை மாற்றும்படி எழுதுவது எப்படி என்று பாடம் நடத்தியிருந்தார். சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். கொஞ்சம் மிகைப்படுத்தலாம். பதில் தேவைப்படாத கேள்விகளைக் கேட்கலாம். "அந்த மாதிரிக் கேள்வி கேட்டா, படிக்கிறவங்க வாயடைச்சுப் போயிடுவாங்க" என்றார் டீச்சர்.

ஒன்றையும் விடாமல் எழுதினேன்.

"ஐயா, லிஃப்ட் நின்றது, நின்றது, நின்றேவிட்டது! படிகளோ ஆயிரம் ஆயிரம்! பறந்து போக நாங்கள் என்ன பறவைகளா? இன்னும் எத்தனை யுகம் காத்திருப்பது? இப்படி ஒரு கொடுமையை இந்த உலகம் கண்டதுண்டா? உங்களுக்கு இதயமே இல்லையா?"

கடைசி வரியைப் படித்து எனக்கே கண் கலங்கியது.

வியாழக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் பதில் தொங்கியது. சிவப்பு மையில்.

"1. இல்லை. நாம் மனிதர்கள்.

2. யுகம் மிகப் பெரிய அளவு. நாள் கணக்கில் கேட்கவும்.

3. கண்டதுண்டு. மூன்று வருடத்துக்கு முன் லிஃப்ட் இருபத்தாறு நாள் நின்றது.

4. இருக்கிறது. போன மாதம்தான் டாக்டர் பரிசோதித்தார்.

குறிப்பு: நான்காவது மாடிக்குப் படிகள் ஆயிரம் அல்ல, எழுபத்திரண்டு."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாமா, அதெல்லாம் நீங்க பதில் எழுதறதுக்காகக் கேட்ட கேள்வி இல்ல!"

"பின்ன எதுக்குக் கேள்விக்குறி போட்ட?"

"அது… சும்மா… ஒரு அழுத்தத்துக்கு மாமா!"

"சும்மா எப்படிப் போடுவ? கேள்வின்னா பதில் எழுதணும். நான் எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டதில்ல." கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். என் கடிதத்தையும் அவர் பதிலையும் மாற்றி மாற்றிப் படித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார். லிஃப்டுக்கு என்ன ஆயிற்று, யார் சரிசெய்வார் என்று நான்தான் கேட்கவே இல்லை. எந்தக் கேள்வியையும் விடாத மனிதரிடம் போய்ப் பறவையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்!

படியிலேயே நோட்டைப் பிரித்து, பதிலுக்கு இடம் விட்டு எழுதினேன்.

"1. லிஃப்டில் கெட்டுப்போன பாகம் எது?

2. அதைச் சரிசெய்பவர் யார்?

3. அவரிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது எப்போது?

4. அவர் எந்த நாள், எத்தனை மணிக்கு வருவார்?"

நடுவில் ஓர் உவமை வைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுபடியும் கீழே போய்க் கதவைத் தட்டித் தாளை நீட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் கேள்வியில் பேனா நின்றது. இரண்டாவதில், "மெக்கானிக்" என்று எழுதினார். மூன்றாவதில் மறுபடியும் நின்றது.

"வந்து பாத்துட்டுப் போனாரு. அவரே கூப்பிடுவாருன்னு இருந்துட்டேன்" என்று முணுமுணுத்தார். அவரால் இடத்தை வெறுமனே விட முடியவில்லை. போனை எடுத்தார்.

"கதவு சென்சார்தான் சார்!" மெக்கானிக்கின் குரல் எனக்கே கேட்டது. "புதுசு வந்து பத்து நாளா என் பையிலயே கெடக்கு. நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் நானும் இருந்தேன்."

பத்து நாள்! இவர் அவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, என் தம்பி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நறுக்கென்று கேட்க என் வாயில் நாலு கேள்வி தயாராக இருந்தது.

மாமா முதல் கேள்விக்கு, "கதவு சென்சார்" என்று எழுதினார். நான்காவதற்கு, "சனி காலை எட்டு மணி" என்று எழுதினார். மூன்றாவதற்கு, "பதினைந்து நாளாகப் பேசவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதினார்.

"இதையும் பலகையில ஒட்டிடறேம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வேணாம் மாமா. எனக்குத்தானே எழுதினீங்க?" தம்பி சனிக்கிழமை கோட்டோரம் உட்கார்ந்து ஸ்கோர் எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு மணி என்று சொன்ன மெக்கானிக் வந்தது எட்டு இருபதுக்கு. நான் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்ட் கதவு திறந்தது. தம்பி ஊன்றுகோலோடு உள்ளே போனான். தரைத்தளத்தில் மாமா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"கோட்டோரம் போடணும், அவ்ளோதானே?" என்று முன்னால் நடந்தார்.

தம்பியின் அணி ஏழு கோல் வாங்கித் தோற்றது. ஏழையும் அவன் தன் கையாலேயே நோட்டில் எழுதினான்.

"பாத்தியாக்கா, நான் இல்லாம ஏழு கோல்!" என்று கத்தினான்.

தோற்ற அணியில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தவன் அவன் ஒருவன்தான். மைதானத்தில் அவனுக்கு அடுத்தபடி சந்தோஷமாக இருந்தது நான்.