மணப்பெண்ணின் நாள வயது

சென்னிமலையில் இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் பிறந்த தேதி கேட்பதில்லை. நாள வயதைக் கேட்கிறார்கள். ஒருவர் பிறந்து எத்தனை ஆண்டு ஆனால் என்ன, அவருடைய ரத்த நாளங்கள் எவ்வளவு பழையவை என்பதல்லவா ஆயுளைச் சொல்லும்? மாப்பிள்ளை பெண்ணைவிட மூத்தவனாக இருக்க வேண்டும் என்ற முறை மட்டும் மாறவில்லை. அதுவும் நாள வயதுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பொன்னுரங்கத்தின் வீட்டு நாளமானி கூடத்துச் சுவரில் இருந்தது. தகட்டில் உள்ளங்கையை வைத்தால் ஒளி பாய்ந்து நாடியைப் படிக்கும். அது பாதிக் கணக்குத்தான். புகைப்பீர்களா, சர்க்கரை உண்டா, மூட்டுகளில் அழற்சி உண்டா என்று கேட்டு, மீதியைப் பதில்களிலிருந்து கூட்டிக்கொள்ளும்.

மகள் நறுமுகைக்கு இருபத்தாறு வயது. நாள வயது இருபத்தேழு. மூன்று ஆண்டுகளாக அவளுக்கு முடக்குவாதம் என்னும் மூட்டழற்சி. காலையில் விரல்கள் மடங்கவே நெடுநேரம் ஆகும். கேட்பவர்களுக்கு அது சுளுக்கு. கை முடங்கிய பெண் இருக்கும் வீடு என்று ஊர் வாயில் விழுந்துவிட்டால், பிறகு எந்த நல்ல குடும்பம் படியேறும்?

ஆனால் அத்தை நாச்சம்மாளின் சாவு நறுமுகையை அரித்துக்கொண்டே இருந்தது. அத்தையின் விரல்களும் கோணியவைதான்; அவளும் அதை மறைத்தே வைத்திருந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவமனையை அழைத்தபோது, நாள வயது முப்பத்தெட்டுதானே, வாயுவாக இருக்கும் என்று சொல்லி இதய ஊர்தியை அனுப்ப மறுத்துவிட்டார்கள்.

ஒரு பகலில் வீட்டில் யாருமில்லாதபோது நறுமுகை கையை வைத்தாள். மூன்றாம் கேள்விக்கு முதல்முறையாக ஆம் என்றாள். எண் நாற்பத்து மூன்றாக எகிறியது. ஏன் இவ்வளவு? தேடிப் படித்தாள். மூட்டைத் தின்னும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தோடு சுற்றி நாளங்களின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. பதிலை அழித்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அத்தை வாயுல சாகல."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு அம்மிணி? நாளைக்கு சென்னியப்பன் வூட்டுல இருந்து உன்னையப் பாக்க வர்றாங்க."

"நெசத்தச் சொன்னா எனக்கு நாப்பத்தி மூணுங்கப்பா. சொன்னாத்தான் சரியான மருந்து குடுப்பாங்க."

"மாப்பிள்ளைக்கு முப்பத்தொண்ணு. அக்காளையா கட்டி வெக்கறது? தாலி ஏறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

"அத்தையும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க."

மறுநாள் சபை நடுவே அவள் தகட்டில் கை வைத்தாள். மூன்றாம் கேள்வி வந்தது.

"ஆமா," என்றாள்.

நாற்பத்து மூன்று. சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். "ஏனுங் பொன்னுரங்கம், எம் பையனுக்குப் பொண்ணுப் பாக்கத்தானுங்க வந்தோம். அம்மா பாக்க வரலீங்."

பொன்னுரங்கம் நிமிர்ந்தே நின்றார்.

மாப்பிள்ளை இனியன் மட்டும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே பதிலுக்கா இவ்வளவு ஏறுச்சு?"

"நீங்களும் நெசத்தச் சொல்லிப் பாருங்க," என்றாள் நறுமுகை.

அவன் எழுந்து கையை வைத்தான். முதல் கேள்விக்கு, அப்பாவின் பக்கம் திரும்பாமலே, "ஆமா. தெனம் ஒரு பாக்கெட்," என்றான்.

"அடப்பாவி!" என்றாள் அவன் தாய்.

முப்பத்தொன்று நாற்பத்து நான்கானது. சென்னியப்பன் திட்டத்தான் வாயைத் திறந்தார். திறந்தபடியே எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு வயசு மூப்பு! பொருத்தம் சரியாப் போச்சுங்களே!"

வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள். புறப்படும்போது நறுமுகை இனியனிடம் கேட்டாள்: "இன்னியோட சிகரெட்ட உட்றுவீங்கல்ல?"

"உட்டா முப்பத்தொண்ணுக்கு எறங்கிருவனே."

பொன்னுரங்கம் குறுக்கே வந்தார். "தை மாசம் வரைக்கும் உட்றாதீங்க மாப்பிள்ளை."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடும்பத்தின் மானம் முழுவதும் அந்தப் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. சிரிக்கத் தொடங்கிய நறுமுகை பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, மருந்துல அழற்சி அடங்குனா என்னோட நம்பரும் எறங்கும். எனக்கு எறங்குனாத்தான் அவரும் உட முடியும்."

பொன்னுரங்கம் இரவெல்லாம் யோசித்தார். விடிந்ததும் மகளைத் தாமே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கூடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண், என்ன விஷயம் என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எம்பட பொண்ணுக்கு முடக்குவாதமுங்க," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "தை மாசத்துக்குள்ள முப்பதுக்குக் கொண்டாந்துரோணும். மாப்பிள்ளை சிகரெட்ட உடோணுமுங்க."