இறங்காத எடை

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது, ஆனால் எடை மட்டும் இம்மியும் குறையவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் எடை கிளார்க்காக இருந்த இன்னாசி நம்பவில்லை. ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் டாக்டர் பரசுராமன் பருமன் குறைவதற்காக அவன் வயிற்றைத் திறந்து, குடலில் முக்கால்வாசியை ஒதுக்கிவிட்டு, மேல்முனையைக் கீழ்முனையோடு தைத்து வருஷம் ஒன்றாகப் போகிறது. தின்றது இனி உடம்பில் ஒட்டாது என்றார். கக்கூசுக்கு ஓடி ஓடி இன்னாசியின் கன்னம் ஒட்டியது, சட்டை தொளதொளத்தது, தெரிந்தவர்களே தெருவில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். எடை மிஷினில் ஏறினால் மட்டும் அதே நூற்றுப் பதினெட்டு கிலோ.

டாக்டர் முள்ளை மட்டும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆபரேஷன் எதிர்பார்த்த பலன் தரவில்லை, மறுபடி திறந்துதான் ஆக வேண்டும் என்றார். குடலை இன்னும் குட்டையாக்கலாம். இரைப்பையைத் தைத்துக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கலாம். இல்லையென்றால் பழையபடியே சேர்த்துத் தைத்து, பருத்த உடம்போடு காலம் தள்ளலாம். எதைச் செய்தாலும் அது ஒரு தரம் கிழித்த வயிறு. உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், மேஜையிலிருந்து எழுந்து வருவதற்கு உத்தரவாதம் கிடையாது. திங்கட்கிழமை கட்டில் காலியாகிறது, எது என்று யோசித்து வந்து சொல் என்றார்.

இன்னாசிக்குச் சந்தேகப்படுவதுதான் பிழைப்பு. மூட்டை எடை போடும்போது வியாபாரியின் ஆள் ஒன்றும் அறியாதவன்போல் கால் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைப்பான். அந்தக் கால்களைக் கண்காணித்தே அவனுக்கு வயசாகிவிட்டது. ஆகவே நர்சிங் ஹோமில் அவன் முதலில் நர்ஸின் காலைத்தான் பார்த்தான். அவள் எட்ட நின்றாள். டாக்டர் நாற்காலியில் இருந்தார். அப்படியென்றால் மிஷினில்தான் டாக்டர் ஏதோ திருகாணியை மாற்றி வைத்திருக்கிறான், இன்னொரு தரம் அறுக்கப் பார்க்கிறான் படுபாவி என்று மனசுக்குள் வைதுகொண்டே வீடு வந்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மூடி வைத்த சோறு தினமும் குறைந்தது. அவன் திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று மனைவி பிலோமி நினைத்தாள். அவள் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தன்மேல் பழி போடுகிறாள் என்று இவன் நினைத்தான். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவளிடம் அவன் சொல்லாத ஒன்றும் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு அவன் படுத்ததும் கயிற்றுக் கட்டில் முனகி அமுங்கும். அது சரி. அவன் அசையாமல் கிடக்கும்போதே, கொஞ்ச நேரம் கழித்து, கால்மாட்டில் இன்னொரு தரம் அமுங்கும். பிலோமி கீழே பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்ததும், தன் மிஷினிலேயே பார்த்துவிடுவது என்று ஷெட்டுக்குக் கிளம்பினான். சாட்சிக்குப் பிலோமியையும் கூட்டிக்கொண்டான். ஆளில்லாத ஷெட்டின் தகரக் கூரைமேல் மழை இரைந்துகொண்டிருந்தது. புண்ணாக்கும் ஈரச் சாக்கும் சிமெண்டும் கலந்த நெடி தொண்டையைக் கமற வைத்தது. அடுக்கிய மூட்டைகளின் சந்துகளில் இருட்டு தேங்கியிருக்க, ஒற்றை பல்பின் வெளிச்சம் எடைமேடையின் வட்ட முகத்தில் மட்டும் விழுந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. தினமும் காலையில் அவனே சரிபார்க்கும் மிஷின் அது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஏறினான். முள் சுற்றிப் போய் நூற்றுப் பதினெட்டில் நின்று லேசாக ஆடியது. மூட்டை வைத்தால் முள் ஆடாது. மூச்சு விடுகிற எதை வைத்தாலும் இப்படித்தான் ஆடும். இன்னாசிக்கு அழுகை வந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை, அறுத்துத்தான் ஆக வேண்டும். பின்பக்கமாக இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த பிலோமி, "போதும், எறங்குய்யா" என்றாள்.

"எறங்கிட்டேன்."

அவள் திரும்பினாள். அவன் தட்டுக்கு ஓர் எட்டு தள்ளி நின்றிருந்தான். தட்டில் ஒன்றுமில்லை. முள் முப்பத்தொன்பதில் இருந்தது.

ஆடிக்கொண்டிருந்தது.

மழைச் சத்தம். வேறொன்றும் இல்லை. பிறகு தட்டு கிறீச்சிட்டது. முள் பூஜ்யத்துக்கு வந்தது.

பிலோமிதான் முதலில் பேசினாள். "மிஷின் மக்கர் பண்ணிக்கினு கீது. முள்ளு மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். இன்னொரு தபா ஏறு."

மனசில்லாமல் ஏறினான். எழுபத்தொன்பது. இறங்கினான், பூஜ்யம். மறுபடி ஏறினான், எழுபத்தொன்பது. இன்னாசி சிரித்தான். டாக்டரிடம் இருக்கும் மிஷினிலும் முள் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கும், இதற்குப் போய் மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்றான். கட்டிலும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். செத்துப் பிழைத்த சந்தோஷம் அவனுக்கு. பிலோமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சோற்று விஷயத்தில் வாய்க்கு வந்தபடி பேசியதற்கு மன்னித்துக்கொள் என்றாள். அவர்கள் இப்படிக் கைபிடித்து நின்று எத்தனையோ மாசமாகியிருந்தது.

பிறந்ததிலிருந்து தன்னை யாரும் எடை போட்டதில்லை, நானும் ஏறிப் பார்க்கிறேன் என்று அவள் செருப்பைக் கழற்றினாள். அங்கே கிடந்த ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைவிட இலேசானவள். கூச்சத்தோடு ஏறி, அவனைப் பார்த்தபடி நின்றாள். முள் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முப்பதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. அங்கே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

ஐம்பது. அறுபது. எழுபது. எண்பதைத் தாண்டி நின்றது. ஆடியது. அவள் மூச்சு இழுக்கும்போது ஒரு தரம். அவள் மூச்சு இழுக்காதபோது இன்னொரு தரம்.

"இன்னா காட்டுது?" என்று பிலோமி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவன் கையை அசைத்தான், இறங்கு என்று.

அவள் இறங்கினாள். முள் நடுவில் எங்கும் நிற்காமல் நேராகப் பூஜ்யத்துக்கு வந்தது. தட்டில் எதுவும் தங்கவில்லை.