இன்னொருக்காப் போடு

மஹய்யாவையில் மர்சூக்கின் கடைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருந்தது. முன்பு அங்கே தரையிலும் பரணிலும் வெங்காய மூட்டை அடுக்கினார்கள். எண்பத்தொன்பதில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்துப் படம் ஓட்டினார்கள். தியேட்டர்களைத் திறக்கக் கூடாதென்று மதில்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம். ஒட்டியவர்களின் பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மர்சூக் அதற்கொரு வழி வைத்திருந்தான். ஆட்களை உள்ளே விட்டு, வெளியே பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, சாவியோடு எதிர்த் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். பூட்டிய அறைக்குள் ஆள் இருக்குமென்று யார் நினைப்பார்கள்? படம் முடியும்வரை உள்ளேயிருந்து கதவைத் தட்டக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். வருகிறவர்களுக்கும் அந்தப் பூட்டுத்தான் நிம்மதி.

மழை இருட்டிய ஒரு பிற்பகலில் வரதராசா மனைவி பத்மாதேவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கந்தோர் உத்தியோகத்தன். உலகத்தில் தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் மாடுகள் என்பது அவனுடைய தீர்மானம். உந்தச் சனத்துக்கு முன்னால் காற்சட்டை என்னத்துக்கு என்று நீலக் கட்டம் போட்ட வீட்டுச் சாரத்தோடேயே வந்திருந்தான். பத்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. அடுத்த மாதம் நாள். கலவரக் காலத்தில் தனியாக வீட்டில் இருக்கப் பயந்துதான் அவள் வந்தாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். ஜன்னலுக்குச் சாக்கு அடித்திருந்தது. கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. வெளியே பூட்டு விழுந்தது.

கராத்தேப் படம் என்றுதான் கசட்டில் ஒட்டியிருந்தது. வந்ததோ எங்கோ ஒரு வெள்ளைக்கார ஊரின் கால்பந்து மைதானம். சனம் நெரிந்து செத்த கதையை ஒருவன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டி மர்சூக்கைக் கூப்பிட முடியாது. சரி, ஓடட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சின்னமுத்துதான் டெக்கின் பொத்தான்களுக்குப் பொறுப்பு. பந்தைப் பார்க்கப் போய்ச் சாவானுங்களா என்று அவன் ஆரம்பித்தான். நம்ம ஊரில் சாவதற்கு எவ்வளவு நல்ல காரணமெல்லாம் இருக்கிறது என்றான் இன்னொருவன். அதற்கு ஒரு பெரிய சிரிப்பு. திரையில் கம்பி வலையோடு சனம் ஒட்டிக்கிடந்தது. கன்னங்கள் வலைக்கண்களுக்குள் பிதுங்கியிருந்தன. தூக்கி எடுத்த பிள்ளை ஒன்றைத் தலைகளுக்கு மேலால் கைமாற்றிக் கைமாற்றி வெளியே அனுப்பினார்கள்.

பத்மா சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

வலையின் முன்வரிசையில் மஞ்சள் கழுத்துத்துணி கட்டிய ஒரு பொடியன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"உவன்ரை வாயைப் பாருங்கோ, தண்ணிக்கு வெளியிலை விட்ட மீன் மாதிரி" என்றான் வரதராசா. "வாசலைத் தேடத் தெரியாத மாடுகள். சின்னமுத்து, இன்னொருக்காப் போடு."

சின்னமுத்து பின்னால் ஓட்டிப் போட்டான். மறுபடி சிரித்தார்கள். வரதராசா மறுபடியும் கேட்டான். மறுபடியும் போட்டான்.

இந்த முறை பொடியனுக்குப் பின்னால் சனம் குறைந்திருந்தது போல் பத்மாவுக்குப் பட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நனைந்த புல் மணம் வந்தது. நனைந்த கம்பளி மணம். நசுங்கிய தோடம்பழத் தோலின் மணம்.

"இஞ்சருங்கோ, வெளியிலை போவம்" என்றாள் மெல்ல. "எனக்கு மூச்சு முட்டுது."

படம் முடியாமல் எப்படிப் போவது, உனக்கு எல்லாத்துக்கும் பயம் என்று வரதராசா அவளைப் பார்க்காமலே சொன்னான். பிறகு சின்னமுத்துவிடம் சொன்னான், இன்னொருக்கா.

வலையில் இப்போது மஞ்சள் துணிக்காரன் மட்டும் நின்றான். அவன் மைதானத்தைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தான்.

"ஐயா, நான் பொத்தான அமுக்கலைங்க" என்றான் சின்னமுத்து. "அதுவாத்தான் பின்னால ஓடுது."

அடுத்து வந்தபோது வலை வெறுமையாக இருந்தது.

யாரோ பத்மாவின் தோளில் சாய்ந்தார்கள். திரும்பினாள். ஒருவருமில்லை. பக்கத்திலிருந்தவர் தள்ளி இருங்களேன் என்று யாருக்கோ சொன்னார். கால் நீட்டப் போதுமாயிருந்த இடத்தில் முழங்காலை அசைக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை நெருக்கம் தூக்கி நிறுத்தியது. மூச்சுச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேரின் மூச்சல்ல அது.

வரதராசா கதவை நோக்கித் திரும்பினான். கதவு இரண்டு எட்டில் இருந்தது. கையை உயர்த்த இடமில்லை.

அவன் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"பிள்ளை" என்றாள் பத்மா. "என்ரை பிள்ளை."

ஈரமான கைகள் அவளை இடுப்பில் பிடித்தன. தூக்கின. தலைகளுக்கு மேலால், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு.

மர்சூக் வந்து திறந்தபோது எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். ஒரு சத்தமும் கேக்கல்லயே என்று அவன் சத்தியம் செய்தான். பத்மா, ஏணி இல்லாமல் ஒருவரும் ஏற முடியாத மூட்டைப் பரணின்மேல் இருந்தாள். வரதராசா மட்டும் கதவு நிலையோடு ஒட்டி நின்றபடியே செத்திருந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் கன்னத்தில் தழும்புகள் கிடந்தன. சாய்சதுரம் சாய்சதுரமாக, கம்பி வலை அழுத்திய தழும்பு. அந்த அறையில் கம்பி வலையே கிடையாது.

யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைபட்டிருந்தது. மர்சூக்கின் மனைவி கைரியா பத்மாவை மடவளையிலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். பிள்ளை அங்கேதான் பிறந்தது. நோட்டீசுக்காரர்களுக்குப் பயந்து மர்சூக் கடையை மூடி, கசட் பெட்டியையும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான். அந்தக் கசட்டை எரித்துவிடும்படி பத்மா சொல்லியிருந்தாள். எரித்தாயிற்று என்றுதான் அவனும் சொன்னான். வியாபாரி எதை எரித்தான்?

பகல் ஊரடங்கு போட்ட ஒரு நாள், கைரியாவின் தம்பிமார் முன்கதவைப் பூட்டிவிட்டு டெக்கின் முன்னால் கூடினார்கள். உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பத்மாவுக்குச் சனத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு சிரிப்பு.

"வெள்ளக்காரனுக்குள்ள ஒருத்தன் நிக்கிறான் பாருங்க நானா" என்றான் ஒருவன். "நம்ம ஆள் மாதிரி. நீலக் கட்டச் சாரம்."

"வாயப் பாரு வாய. மீன் மாதிரி."

பத்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஊரடங்காவது ஒன்றாவது. முன்னறைக்குள் போகாமல் குசினியால் ஓடி, பின்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, அகலத் திறந்து, மழைக்குள் போய் நின்றாள். கைரியாவை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். முன்னறைக்காரர்களையும் கூப்பிட்டாள்.

"இன்னொருக்காப் போடு" என்று யாரோ சொல்வது கேட்டது.

குசினிக்குள்ளிருந்து நசுங்கிய தோடம்பழம் மணத்தது.

பிறகு முன்னறையிலிருந்து, எரிச்சலோடு ஒரு குரல்.

"யாரு நெரிக்கிற? கொஞ்சம் தள்ளி இருங்களேன்."